பங்குத் திருப்பலியில் கிரகோரியன் இசை: மக்களுக்கு எது, பாடகர் குழுவுக்கு எது? (கருத்துக்கள இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்)

இசைப்பணி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பங்கின் பாடகர் குழுப் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு காலைத் திருப்பலியில் கிரகோரியன் இசையை (உரோமை வழிபாட்டின் பழைய ஒருகுரல் இலத்தீன் பாடல் மரபை) படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்று பங்குத்தந்தை விரும்புகிறார். எனக்கும் அதில் முழு விருப்பம் உண்டு. ஆனால் பங்குப் பேரவையில் ஒரு கவலை எழுந்தது. இலத்தீன் பாடல்களைப் பாடகர் குழு பாடத் தொடங்கினால், இப்போது வாய் திறந்து பாடும் மக்கள் மௌனமாகி, திருப்பலியை இசை நிகழ்ச்சிபோலக் கேட்டுவிட்டுப் போவார்கள் என்று பலர் சொன்னார்கள். அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்ய விரும்பவில்லை.

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அவர்களில் பாதிப் பேருக்கே இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியும். எனவே முதலில் எதைத் தொடுவது, மக்கள் பாட வேண்டிய பகுதி எது, குழு மட்டும் பாடத்தக்க பகுதி எது, பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒன்றாகப் பாடும் பல்குரல் இசைக்கு இன்றைய திருப்பலியில் இடம் எங்கே என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நால்வரி

பெரும்பாலான பங்குகளில் இந்த முயற்சி தலைகீழாகத் தொடங்குகிறது. திருப்பலியின் தொடக்கத்தில் ஒரு பாடல், காணிக்கையின்போது ஒன்று, நற்கருணை வாங்கும்போது ஒன்று, இறுதியில் ஒன்று என்று நான்கு பாடல்களைத் தெரிவு செய்துவிட்டு, அவற்றுள் ஒன்றை இலத்தீனில் மாற்றினால் கிரகோரியன் இசை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். திருப்பலிக்குள் பாடுவதும், திருப்பலியையே பாடுவதும் வேறு வேறு. கிரகோரியன் இசை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இதற்கான வரிசையைத் திருச்சபையே தந்திருக்கிறது. 1967 மார்ச் 5 அன்று வெளியான 'மூசிக்காம் சாக்ரம்' என்னும் அறிவுரை ஏடு, பாடுவதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. குருவின் வாழ்த்தும் மக்களின் பதிலும், மன்றாட்டுகள், நற்செய்திக்கு முன்னும் பின்னும் வரும் ஆர்ப்பரிப்புகள், தொடக்கவுரையும் (நற்கருணை மன்றாட்டைத் தொடங்கும் குருவின் செபம்) அதற்கு முந்தைய உரையாடலும், 'தூயவர்', நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரை, ஆண்டவர் கற்பித்த செபம், அனுப்புதல் ஆகியவை முதற்படி. 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', 'செம்மறியே', நம்பிக்கை அறிக்கை, விசுவாசிகளின் மன்றாட்டு ஆகியவை இரண்டாம் படி. வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் போன்றவை மூன்றாம் படி. முதற்படியைப் பாடாமல் இரண்டாவதையும் மூன்றாவதையும் பாடக் கூடாது என்றும் அந்த ஏடு தெளிவாகச் சொல்கிறது. நாமோ மூன்றாம் படியை மட்டும் பாடிவிட்டு, முதற்படி முழுவதையும் பேச்சாக விட்டுவிடுகிறோம்.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: முதல் மூன்று மாதங்களுக்குப் பாடகர் குழு புதிதாக எதையும் தனியாகப் பாட வேண்டாம். குருவும் மக்களும் ஒருவரோடொருவர் பேசுகிற இடங்களைப் பாடலாக்குங்கள். "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்று குரு பாட, மக்கள் பாடிப் பதிலளிக்கும் அந்த நான்கைந்து வரிகளில் மூன்று நான்கு சுரங்களே இருக்கின்றன. குழுவின் வேலை, மக்களோடு சேர்ந்து உறுதியாகப் பதில் சொல்வது மட்டுமே. பேரவையினரின் அச்சத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ஏனெனில் இங்கே கிரகோரியன் இசையை முதலில் பாடுகிறவர்கள் மக்கள்தாம்.

அதன்பின் இரண்டாம் படி. 1974ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் 'யூபிலாத்தே தேயோ' என்ற சிறு தொகுப்பை உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு அனுப்பினார். எல்லா நாட்டு விசுவாசிகளும் அறிந்திருக்க வேண்டிய குறைந்த அளவு இசை அதில் உண்டு. திருப்பலியின் மாறாப் பகுதிகளின் இசையை எண்ணிட்ட வரிசைகளாகத் தரும் 'கீரியாலே' தொகுப்பின் 16ஆம் வரிசையிலிருந்து 'கீரியே' ('ஆண்டவரே இரக்கமாயிரும்'), 18ஆம் வரிசையிலிருந்து 'சாங்க்துஸ்' ('தூயவர்'), 'ஆஞ்ஞுஸ் தேயி' ('செம்மறியே') ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் வரிசையின் 'சாங்க்துஸ்' தொடக்கவுரையின் இசையிலிருந்தே இயல்பாகத் தொடர்கிறது. குரு தொடக்கவுரையைப் பாடி முடிக்கும்போது மக்களின் காதில் அடுத்த சுரம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். விழாக்களில் பலரும் விரும்பும் 8ஆம் வரிசையின் 'க்ளோரியா' ('உன்னதங்களிலே') அழகானதுதான். ஆனால் அது நீளமானது, சுரங்கள் உயரத்தில் ஓடுபவை. அதை முதற்பாடமாக வைக்காதீர்கள்.

கடைசி வரிசை

நான் பாடகர் குழுவைச் சேர்ந்தவன் அல்லன். ஞாயிறுதோறும் பின்வரிசையில் நின்று பாடுகிறவன். மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

மக்கள் தங்கள் சொந்த மொழியில் திருப்பலியில் பதில் சொல்லவும் பாடவும் உரிமை பெற்றது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பெரிய கொடை. முழுமையான, உணர்வுபூர்வமான, செயல்முறையான பங்கேற்பைத் திருவழிபாட்டின் இயல்பே கோருகிறது என்று 1963இல் வெளியான திருவழிபாடு பற்றிய ஏட்டின் 14ஆம் பிரிவு சொல்கிறது. மக்களிடையே வழங்கும் பக்திப் பாடல்களைத் திறம்பட வளர்க்க வேண்டும் என்று 118ஆம் பிரிவு சொல்கிறது. என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். மறையுண்மைகளில் பெரும்பகுதியை அவர் தம் மொழியில் பாடிய பாடல்கள் வழியாகவே கற்றார். அவரைப் போன்ற ஒருவருக்கு, ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தை கிரகோரியார் இயற்றிய இலத்தீன் இசை என்ன தரும்? பொருள் புரியாத சொற்களை அழகாக ஒலிப்பது செபமாகுமா என்பது என் உண்மையான கேள்வி, எதிர்ப்புக்காகக் கேட்கவில்லை.

பீடப்பணி

நான் ஓர் அருள்பணியாளர். கடைசி வரிசை அன்பரின் தாயாருக்குக் கிடைத்ததை எந்தப் பங்கும் யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே ஏட்டை முழுமையாக வாசிக்க வேண்டும். தாய்மொழிக்குத் தாராளமான இடம் தரும் 54ஆம் பிரிவே, மக்களுக்கு உரிய பகுதிகளை இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ அவர்களால் இயல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. 116ஆம் பிரிவு, கிரகோரியன் இசை உரோமை வழிபாட்டுக்கு உரியது என்றும், மற்றவை சமமாக இருக்கும்போது அதற்கு முதன்மை இடம் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பிரிவே மற்ற வகைத் திரு இசையை, குறிப்பாகப் பல்குரல் இசையை, விலக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே ஒன்றைத் தெரிவு செய்து மற்றொன்றைத் துறக்கும் நிலைக்குச் சங்கம் நம்மைத் தள்ளவில்லை.

பொருள் புரிவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'தூயவர்', 'செம்மறியே' ஆகிய மூன்றின் பொருளும் மக்கள் ஒவ்வொரு ஞாயிறும் தங்கள் மொழியில் சொல்லிச் சொல்லி அறிந்தது. அவற்றை இலத்தீனிலோ கிரேக்கத்திலோ பாடும்போது புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை. மாறாக, வாரந்தோறும் மாறும் நீண்ட இலத்தீன் வருகைப் பாடலை மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குக் குழுவும் அச்சிட்ட மொழிபெயர்ப்பும் தேவை. எது மாறாததோ அதை மக்களிடமும், எது வாரந்தோறும் மாறுகிறதோ அதைக் குழுவிடமும் ஒப்படைப்பது பழைய ஞானம்.

குருக்களாகிய எங்களைப் பற்றியும் ஒரு சொல். நால்வரி சொல்லும் முதற்படி தொடங்காததற்குப் பெரும்பாலும் காரணம் நாங்கள்தாம். பாடத் தெரியாது என்ற கூச்சம் பலருக்கு உண்டு. தொடக்கவுரையைப் பாட நல்ல குரல் வேண்டியதில்லை. ஒரே சுரத்தில் நின்று வாசகத்தைச் சொல்லிக்கொண்டு போய், சொற்றொடர் முடியும் இடத்தில் இறங்கத் தெரிந்தால் போதும். பாடகர் குழுப் பொறுப்பாளர்கள் தங்கள் பங்குத்தந்தையோடு வாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து இதைப் பழக்கினால், அது குழுவுக்குத் தரும் எந்தப் பயிற்சியையும்விட அதிகப் பலன் தரும்.

நால்வரி

கடைசி வரிசை அன்பர் குறிப்பிட்ட ஒரு செய்தியைத் திருத்த வேண்டியிருக்கிறது; அது இந்த விவாதத்துக்கே உதவும். 604இல் இறந்த பெரிய கிரகோரியார் இந்த இசையை இயற்றினார் என்பது பிற்கால மரபு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பிராங்கு மன்னர்களான பெப்பின், சார்லமேன் ஆகியோர் ஆட்சியில், உரோமையிலிருந்து வந்த பாடல் மரபைப் பிராங்கு நாட்டுப் பாடகர்கள் கற்று, தங்கள் மரபோடு கலந்து உருவாக்கியதே இன்று நாம் கிரகோரியன் என்று அழைக்கும் தொகுதி. இசைக்குறிப்போடு கூடிய முழுமையான பழஞ்சுவடிகள் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுவிட்சர்லாந்தின் சங்கத் காலன் மடத்தின் சுவடியும் பிரான்சின் லான் நகரச் சுவடியும் அவற்றுள் புகழ்பெற்றவை. ஒரு மக்களின் செபம் இன்னொரு மக்களின் நாவில் ஏறி உருமாறியதால் பிறந்த இசை இது. ஆகவே, அது எட்டாத உயரத்தில் முடிந்த வடிவத்தில் நிற்கிறது என்றும், நமக்கு அந்நியமானது என்றும் கருத வேண்டியதில்லை.

அப்படியானால் தாய்மொழிச் சொற்களை அந்த இசையில் அப்படியே பொருத்தலாமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கூடாது என்பதே என் கருத்து. ஒரு வருகைப் பாடலின் இசை, இலத்தீன் சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறது, சொற்றொடர் எங்கே உச்சம் தொடுகிறது என்பதிலிருந்து வளர்ந்தது. வேறு மொழியின் சொற்களை அதில் திணித்தால் வேற்றுமை உருபிலும் வினைமுற்று விகுதியிலும் பத்துச் சுரங்கள் வந்து நின்றுவிடும். அது கேட்கவே வேதனையாக இருக்கும்.

திருப்பாடல் இசைமுறைகள் அப்படியல்ல. கிரகோரியன் இசையின் எட்டுச் சுரமுறைகளுக்கும் எட்டு எளிய வாய்பாடுகள் உள்ளன. தொடக்கத்தில் சிறிய ஏற்றம், பிறகு ஒரே சுரத்தில் ஓதுதல், பாதி வசனத்தில் ஓர் இறக்கம், மீண்டும் ஓதுதல், முடிவு என்று ஒவ்வொன்றும் அமைந்திருக்கும். ஓதும் சுரம் எத்தனை அசைகளையும் தாங்கும் என்பதால் எந்த மொழியையும் இதில் பாடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அழுத்தத்தைவிடக் குறில், நெடில் வேறுபாடு முதன்மையாக உள்ள மொழிகளில், பாதி வசனத்திலும் முடிவிலும் சுரம் மாறும் இடம் நெடிலிலோ ஒற்றோடு கூடிய அசையிலோ விழும்படி ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் பாடினால் ஆளுக்கொரு இடத்தில் இறங்குவார்கள்.

டெனார் குரல்

பல்குரல் இசை பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. எனக்கு நெருக்கமான பகுதி அது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பல்குரல் இசை என்றாலே பேராலயங்களும் நாற்பது பேர் கொண்ட குழுக்களும் நினைவுக்கு வருகின்றன. அது சரியன்று. வில்லியம் பேர்ட் இயற்றிய மூன்று, நான்கு, ஐந்து குரல் திருப்பலி இசைகள் 1590களில், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த இங்கிலாந்தில், தலைப்புப் பக்கம்கூட இல்லாமல் அச்சிடப்பட்டன. வீடுகளில் மறைவாகக் கூடிய சிறு குழுக்கள் பாடுவதற்காகவே அவை எழுதப்பட்டன. மோட்சார்ட் 1791 ஜூன் மாதத்தில், தாம் இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 'ஆவே வேரும் கோர்ப்புஸ்' என்ற 46 தாளப்பகுதிகள் மட்டுமே கொண்ட பாடலை எழுதினார். ஆஸ்திரியாவின் பாடன் நகரப் பங்கின் பாடகர் குழுவை நடத்திவந்த அந்தோன் ஷ்டோல் என்ற நண்பருக்காக அதை எழுதினார். பங்குக் குழுவால் பாட முடிந்தது என்பதற்காக அதன் ஆழம் எங்கும் குறையவில்லை. இசையமைப்பாளர்கள் பெரிய குழுக்களுக்கு மட்டுமன்றிச் சிறிய குழுக்களுக்கும் எழுத வேண்டும் என்று திருவழிபாடு பற்றிய ஏட்டின் 121ஆம் பிரிவு கேட்பதும் இதையே.

இனி, எங்கே பாடுவது? காணிக்கை ஒப்புக்கொடுக்கும் நேரமும், திருவிருந்துப் பாடல் முடிந்தபின் வரும் நேரமும் இயல்பான இடங்கள். பெரிய வியாழன் மாலைத் திருப்பலியின் காணிக்கைப் பவனிக்கு அன்பு இருக்கும் இடத்தில் இறைவன் இருக்கிறார் என்று பாடும் 'ஊபி காரித்தாஸ்' உரியது. அதன் கிரகோரியன் இசையை அடியொற்றி மொரீஸ் துருப்ளே 1960இல் வெளியிட்ட நான்கு குரல் பாடல், பழைய இசையும் பல்குரல் இசையும் எவ்வளவு இயல்பாக இணைகின்றன என்பதைக் காட்டும். ஆலய நேர்ந்தளிப்பு ஆண்டுநாளுக்கு ப்ரூக்னர் 1869இல் எழுதிய 'லோக்குஸ் இஸ்தே' இருக்கிறது. அதில் நடுப்பகுதியின் சுருதி நழுவும் இடங்களைக் கவனமாகப் பயிற்சி செய்ய வேண்டும்.

சிக்கல் 'தூயவர்' பாடலில்தான் வருகிறது. சங்கத்துக்கு முந்தைய நடைமுறையில் பல்குரல் 'சாங்க்துஸ்' இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 'ஆண்டவர் பெயரால் வருகிறவர்' என்ற பகுதி எழுந்தேற்றத்துக்குப் பின் பாடப்பட்டது. குரு மெல்லிய குரலில் மன்றாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார். இன்று நற்கருணை மன்றாட்டு எல்லோரும் கேட்கும்படி சொல்லப்படுகிறது. ஆகவே, நீண்ட 'சாங்க்துஸ்' பாடினால் குருவும் மக்களும் காத்து நிற்கிறார்கள். குருவும் மக்களும் சேர்ந்து அதைப் பாடுவதே வழக்கமாக இருப்பது நல்லது என்று 'மூசிக்காம் சாக்ரம்' 34ஆம் பிரிவும் சொல்கிறது. எனவே நான் அன்றாட ஞாயிறுகளில் 'தூயவர்' பாடலைப் பல்குரலில் பாடுவதற்கு எதிரானவன், பதினாறாம் நூற்றாண்டின் பல்குரல் இசையமைப்பாளர் பாலெஸ்த்ரீனாவின் இசையை எவ்வளவு நேசித்தாலும்.

'கீரியே' அப்படியல்ல. ஒரு வரியை மக்கள் கிரகோரியன் இசையில் பாட, மறுவரியைக் குழு பல்குரலில் பாடலாம். மாறி மாறிப் பாடும் இந்த முறை பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தது. மக்களுக்கும் குழுவுக்கும் ஒரே பாடலில் இடம் கிடைக்கிறது.

இசைப்பணி

அனைவருக்கும் நன்றி. நடைமுறைக் கேள்விகள் சில எஞ்சியிருக்கின்றன. குழுவுக்கு நான்கு கோட்டுக் குறிப்பைக் கற்பிக்க வேண்டுமா, இன்றைய ஐந்து கோட்டுக் குறிப்பே போதுமா? லயம் பற்றி ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது, எதைப் பின்பற்றுவது? ஆர்கன் சேர்த்து வாசிக்கலாமா?

ஆர்கன் மேடை

நான்கு கோட்டுக் குறிப்பையே கற்பியுங்கள். அதில் சுருதி நிலையானதன்று. கோடுகள் சுரங்களுக்கிடையிலான தூரத்தை மட்டுமே காட்டுகின்றன. காலைத் திருப்பலியில் மக்களின் குரல் தாழ்ந்திருக்கும் என்பதால், ஓதும் சுரத்தை எல்லோருக்கும் வசதியான இடத்தில் நீங்களே வைத்துக்கொள்ளலாம். இசைக்குறிப்பே தெரியாதவர்கள்தாம் இதை விரைவில் கற்கிறார்கள், ஏனெனில் அவர்கள் மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

லயம் பற்றிய சர்ச்சை நீண்டது. 1833இல் கெராங்ஜே என்ற துறவி மீண்டும் தொடங்கிய, பிரான்சிலுள்ள சொலெம் மடத்தில்தான் சுவடிகளிலிருந்து இந்த இசையை மீட்கும் பணி வேரூன்றியது. அம்மடத்துத் துறவிகளில் பொத்தியே சொற்களின் இயல்பான ஓட்டத்தை வலியுறுத்தினார். மொக்கெரோ சுரங்களை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் எண்ணும் முறையை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டில் கார்தீன், பழஞ்சுவடிகளின் குறிகளே எந்தச் சுரம் நீள்கிறது, எது விரைகிறது என்று காட்டுவதை எடுத்துரைத்தார். 1979இல் வெளியான 'கிராதுவாலே திரிப்ளெக்ஸ்' என்னும் பாடல்நூல் லான், சங்கத் காலன் குறிகளை ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தருகிறது. நீங்கள் அவற்றைப் படியுங்கள், மகிழுங்கள்; ஆனால் புதிய குழுவின் பயிற்சி நேரத்துக்குள் அந்தச் சர்ச்சையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வாசகத்தை எல்லோரும் சேர்ந்து பேசட்டும். மூச்சு எங்கே, அழுத்தம் எங்கே என்பது பேச்சிலேயே தெளிவான பின் அதே வேகத்தில் பாடட்டும். மெதுவாகப் பாடினால் பக்தி கூடும் என்ற எண்ணம் இந்த இசைக்கு நேர்ந்த பெரிய தீங்கு. இழுத்துப் பாடினால் சொற்றொடர் உடைந்து, சுருதியும் இறங்கிவிடும்.

ஆர்கன் தேவைப்பட்டால் மெல்லிய ஒலியில், அடிக்கடி மாறாத சுரக்கூட்டுகளுடன் மட்டும் வாசிக்கலாம். தவக்காலத்தில் ஆர்கனும் மற்றக் கருவிகளும் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. ஒருவேளை உங்கள் பங்கு துணைக்கருவி இல்லாமல் பாடப் பழகுவதற்கு அதுவே ஏற்ற காலமாக இருக்கலாம்.

ஒலிபெருக்கியைப் பற்றி வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்னின்று பாடுபவரின் குரல் ஒலிபெருக்கியில் ஆலயம் முழுவதும் நிறைந்தால் மக்கள் தங்கள் குரலையே கேட்க மாட்டார்கள். தன் குரல் கேட்காதவர் பாடுவதை நிறுத்திவிடுவார். மக்களின் பகுதி வந்தவுடன் ஒலிவாங்கியை விட்டு விலகி நில்லுங்கள். மேலும், ஒரு வழிபாட்டுக் காலம் முழுவதும் ஒரே இசையை மாற்றாமல் பாடுங்கள். குழுவுக்கு அலுப்புத் தட்டும் நேரத்தில்தான் மக்களுக்கு அது மனப்பாடமாகத் தொடங்கியிருக்கும்.

கடைசி வரிசை

கிரகோரியார் பற்றிய திருத்தத்துக்கு நன்றி. 'மாறாதது மக்களுக்கு' என்ற பீடப்பணி தந்தையின் விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆயினும் என் கவலை முழுமையாகத் தீரவில்லை. வருகைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் குழுவின் கைக்குப் போய்விட்டால், நாங்கள் நேசிக்கும் தாய்மொழிப் பாடல்கள் எங்கே போகும்? 'கேட்பதும் பங்கேற்பே' என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. இறைவார்த்தையையும் கேட்கத்தான் செய்கிறோம். ஆனால் அந்த வாதத்தைச் சொல்லி மக்களின் வாயை மூடிய இடங்களும் உண்டு.

பீடப்பணி

அந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான், மாறும் பகுதிகளையும் மாறாப் பகுதிகளையும் முழுவதுமாகக் குழுவிடமே ஒப்படைத்து மக்களை அறவே விலக்கும் வழக்கத்தை 'மூசிக்காம் சாக்ரம்' 16ஆம் பிரிவு கண்டிக்கிறது. அதற்கு முந்தைய பிரிவு உள்ளார்ந்த பங்கேற்பையும், குரலால் வெளிப்படும் பங்கேற்பையும் சேர்த்தே பேசுகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இடமில்லை.

வருகைப் பாடலைப் பொறுத்தவரை, திருப்பலி நூலின் முன்னுள்ள விதித்தொகுப்பான பொதுப்படிப்பினை, சில நாடுகளின் பதிப்புகளில், நான்கு வழிகளைத் தருகிறது. அன்றைய வருகைப் பல்லவியைத் திருப்பாடலோடு பாடலாம். 'கிராதுவாலே சிம்ப்ளெக்ஸ்' என்னும் எளிய பாடல்நூலிலிருந்து பாடலாம். ஆயர் பேரவையோ ஆயரோ ஏற்பளித்த வேறு தொகுப்பிலிருந்து பாடலாம். அந்நாளுக்குப் பொருந்தும், ஏற்பளிக்கப்பட்ட வேறு பாடலையும் பாடலாம். ஆகவே தாய்மொழிப் பாடலுக்கு இடம் உண்டு. பவனி தொடங்குமுன் குழு பல்லவியைப் பாட, பவனியின்போது மக்கள் தங்கள் பாடலைப் பாடுவது பல இடங்களில் நன்றாக அமைந்திருக்கிறது. அடக்கத் திருப்பலியின் முடிவில், உடலை எடுத்துச் செல்லும்போது, குழு 'இன் பாரதீசும்' பாடுவதை மட்டும் தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள். வானதூதர்கள் உன்னை விண்ணகத்துக்கு அழைத்துச் செல்வார்களாக என்ற அந்த வேண்டுதலைத் துயரத்தில் பேச இயலாதவர்களுக்காகக் குழுவே பாடுகிறது. அந்த நேரத்தில் யாரும் அதைப் பங்கேற்பின் குறைவாக உணர்ந்ததை நான் கண்டதில்லை.

இசைப்பணி

பங்குத்தந்தையிடம் இந்த இழையைக் காட்டிப் பேசினேன். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி வாழ்த்துகளையும் தொடக்கவுரை உரையாடலையும் பாடுவது என்றும், அக்காலம் முழுவதும் 16ஆம் வரிசையின் 'கீரியே', 18ஆம் வரிசையின் 'சாங்க்துஸ்', 'ஆஞ்ஞுஸ் தேயி' ஆகியவற்றை வைத்துக்கொள்வது என்றும் முடிவாகியிருக்கிறது. 'உன்னதங்களிலே' அக்காலத்து ஞாயிறுகளில் இல்லாததால் அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். தாய்மொழி வருகைப் பாடல் அப்படியே தொடரும். திருவிருந்தின்போது மட்டும், 34ஆம் திருப்பாடலின் "ஆண்டவர் எவ்வளவு இனியவர் என்று சுவைத்துப் பாருங்கள்" என்ற வரியைத் தாய்மொழியில் பல்லவியாக வைத்து, வசனங்களைத் திருப்பாடல் இசைமுறையில் பாட எண்ணுகிறோம். அதை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது?

நால்வரி

குரு நற்கருணை உட்கொள்ளும்போதே பல்லவியைத் தொடங்குங்கள். பல்லவி எல்லோருக்கும் உரியது. வசனங்களை ஒருவரோ இருவரோ பாடட்டும். வரிசையில் நடந்து வருபவர்கள் கையில் தாள் இல்லாமலே சேர்ந்து பாட முடிவது இந்த முறையின் பெரிய நன்மை. குழுவினரும் நற்கருணை வாங்க வேண்டும் என்பதால் அவர்களை முதலில் அனுப்புங்கள், அல்லது பாதிப் பாதியாக அனுப்புங்கள். அதுவரை மற்றப் பாதி பாடலைத் தாங்கும். வழங்கி முடிக்கும் நேரத்தைக் கவனித்து, திருப்பாடலின் எந்த வசனத்தில் இருந்தாலும் அதை முடித்துப் பல்லவியோடு நிறுத்திவிடலாம். எல்லா வசனங்களையும் பாடித் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வசனங்களில் அசைகளைக் குறித்து முடித்ததும் இங்கே பதிவிடுங்கள். சுரம் மாறும் இடங்களைச் சேர்ந்து சரிபார்ப்போம்.